துண்டுக்குள் சொன்ன எண்

காலை ஐந்தரைக்குக் குளிர்கூடத்தின் கதவு திறந்தது. வெளியே அப்போதே முப்பத்து மூன்று டிகிரி; உள்ளே இருபது. இயந்திரக் கறவைக்கைகள் வேலையை முடித்துக்கொண்டு சுவருக்குள் மடங்க, பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பித் தடத்தில் நடந்து வந்தன. தடத்தின் முனையில் இரண்டு பக்கமும் ஆள் நிற்பதற்கு மரப்பலகை போட்டிருந்தார்கள். இடப்பக்கம் சிவமலை. வலப்பக்கம் மீரான். தாராபுரம் குளிர்கூடத்தில் பசுக்களின் சதைப்பிடிப்பைத் தொட்டு எண் போடும் மேனி மதிப்பாளர்கள் இவர்கள் இருவர்தான்.

சிவமலை வெந்நீரில் கை கழுவி உதறினான். கை சூடாக இருந்தால் பசு முதுகை நெளிக்காது. முதல் பசு வந்து நின்றதும் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தான். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே குறுக்கெலும்புகளின் முனைகள் சதைக்கடியில் வரிசையாக இருக்கும். அவற்றைக் கட்டைவிரலால் தேடினான். பிறகு இடுப்பு முட்டு. பிறகு வால் முளைக்கும் இடத்துக்கு இருபுறமும் உள்ள பள்ளம். நல்ல மேனியில் அது பள்ளமாக இராது, மெத்தென்று கொழுப்பு நிரம்பியிருக்கும். எல்லாம் சேர்த்து நாற்பது நொடி. அவன் கையை எடுத்ததும் மீரான் தன் பக்கத்திலிருந்து அதையே செய்தான்.

பிறகு இருவரும் பசுவின் முதுகுக்கு மேலே கை நீட்டினார்கள். மீரானின் தோளில் கிடந்த பச்சைத் துண்டு நான்கு கைகளையும் மூடியது. துண்டுக்கடியில் ஒவ்வொருவனும் தன் வலக்கையால் மற்றவனின் இடக்கையைப் பிடித்தான். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை முழு எண். உள்ளங்கையில் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் கால். இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும்.

மூன்று விரல், ஒரு தட்டு. அந்தப் பக்கத்திலிருந்தும் அதே.

"மூணே காலு," என்றான் மீரான் மைக்கைப் பார்த்து. திரையில் எண் பச்சையாக விழுந்தது. பசு நகர்ந்தது.

பழைய மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் இப்படித்தான் விலை பேசினார்களாம். மீரானின் பாட்டனார் அந்தத் தொழிலில் இருந்தவர். இப்போது அது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது: 'துணி மறைவில், ஒரே நேரத்தில்.' காரணம் எளிது. கூடத்தில் மேற்கண்கள் எனப்படும் எட்டுக் கூரைக் கேமராக்களும் பன்னிரண்டு மைக்குகளும் இருந்தன. அந்த நேரத்தில் இந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைகளின் பெற்றோர் முந்நூறு பேர் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஆள் எண்ணை வாயால் சொன்னால் இரண்டாவது கை அதைக் கேட்டுவிட்டுத்தான் பசுவைத் தொடும்.

"உன் விரலு என்ன மாப்ள, முருங்கக்குச்சியாட்டம் இருக்குது," என்றான் மீரான். "சோறு திங்கறியா இல்லியா? உன்னைத் தடத்துல நிறுத்தித் தடவிப் பாத்தா ஒண்ணே முக்காலு தேறாது."

"அடுத்தத விடு."

"விடறேன். கோவப்படாத. கோவப்படறதுக்குக் கூடக் கொஞ்சம் கொழுப்பு வேணும்."

சிவமலை சிரிக்கவில்லை. நான்கு மாதமாக அவன் எதற்கும் சிரிக்கவில்லை. மீரானும் அதை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. பேச்சு நிற்கக்கூடாது என்பதற்காகப் பேசுவான்.

பதினேழாவதாக மயிலை வந்தாள்.

நிறத்தால் வந்த பெயர். சாம்பல் கலந்த வெள்ளை, கழுத்தில் மட்டும் கொஞ்சம் கருப்பு. திரையில் அவளுடைய பால் கணக்கு ஓடியது: இருபத்து மூன்று லிட்டர். கன்று போட்டுப் பன்னிரண்டு வாரத்தில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை.

சிவமலை கை வைத்தான். குறுக்கெலும்புகளின் முனைகள் தோலுக்கு நேர் கீழே இருந்தன. சதை என்று சொல்ல நடுவில் எதுவும் இல்லை. இடுப்பு முட்டு கூர்மையாக நின்றது. வால் பக்கத்துப் பள்ளத்தில் மூன்று விரலும் முழுதாக இறங்கின. அவன் கையை எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தடவினான்.

துண்டு விழுந்தது. அவன் இரண்டு விரலைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினான். மீரானும் இரண்டு விரல், இரண்டு தட்டு.

"ரெண்டரை," என்றான் மீரான்.

எண் பச்சையாக விழுந்தது. இரண்டரைக்குக் கீழே போனால் சிவப்பு.

*

குடல்மறுப்பு என்ற நோய் வெயில் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு வந்தது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு மாவுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. பல மாடுகளின் பாலைக் கலந்து கொடுத்தால் அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஆறு வருடம் ஆனது. கடைசியில் ஒன்று மட்டும் பலித்தது: ஒரு குழந்தைக்கு ஒரே பசு. அந்தப் பசுவின் பாலைக் குடல் பழகிக்கொள்ளும். அதை விட்டு வேறு பசுவுக்கு மாற்ற வேண்டுமானால் ஒன்பது நாள், சொட்டுச் சொட்டாகக் கலந்து மாற்ற வேண்டும். பத்தில் ஒன்பது குழந்தை தப்பிவிடும்.

இதற்கென்றே மரபுத்திருத்தம் செய்து வளர்த்த மாடுகளுக்குச் செவிலிப்பசு என்று பெயர். தாய்ப்பாலுக்குக் கிட்டத்தட்ட வரும் பால். ஒரு பசுவுக்கு நாலு குழந்தை.

திருத்தியவர்கள் இன்னொன்றையும் திருத்தினார்கள். சாதாரணப் பசு இளைக்கத் தொடங்கினால் கொஞ்ச நாளில் பாலைக் குறைத்துக்கொள்ளும். தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியும். குழந்தைகளின் புட்டி நாளுக்கு நாள் ஒரே அளவாக நிரம்ப வேண்டும் என்பதால் அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். செவிலிப்பசு பாலைக் குறைக்காது. தின்பது போதாவிட்டால் முதுகிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முதுகுக் கொழுப்பு பாலில் இறங்கும்போது பாலின் கொழுப்பு ஏறும். புரதம் மெல்ல இறங்கும். குடிக்கும் குழந்தை கொழுகொழுவென்று ஆகும்.

முதலில் மேனி மதிப்பைப் போட்டவை மேற்கண்கள்தான். அவை பத்து லட்சம் சாதாரணப் பசுக்களைப் பார்த்துக் கற்றவை. மடி நிறையப் பால் இருக்கிற பசு நலமான பசு என்பது அவை தாமாகவே கற்ற பாடம். சாதாரணப் பசுவில் அது சரி. ஒரு கோடையில், ஓர் ஊரில், திரையில் மூன்று என்ற எண் எரிந்துகொண்டிருக்கும்போதே பதினோரு செவிலிப்பசுக்கள் கட்டுத்தறியில் சரிந்தன. படுத்தவை எழவில்லை. நாற்பத்து நான்கு குழந்தைகளின் புட்டி ஒரே நாளில் நின்றது.

அதற்குப் பிறகு வந்ததுதான் மேனி விதி. வாரம் ஒரு முறை இரண்டு மனிதக் கைகள் தொட வேண்டும். இரண்டு எண்ணில் சிறியதே பதிவாகும். ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டரைக்குக் கீழே வந்தால் மூன்று நாளில் அந்தப் பசுவைப் பால் வற்ற விட்டு ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். மதிப்பாளருக்குக் குழந்தைகளின் பெயர் தெரியக்கூடாது. வயது மட்டும் பட்டியலில் இருக்கும்.

மயிலையின் பட்டியல்: பதினோரு மாதம், ஒன்பது மாதம், எட்டு மாதம், நாலு மாதம்.

*

சிவமலை வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. தங்கை தெய்வானை குழந்தையை மடியில் போட்டுப் புட்டியைப் பிடித்திருந்தாள். கோவை வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிப்போட்டுவிட்டு நான்கு மாதமாக இங்கே இருக்கிறாள்.

"அண்ணா, இன்னிக்குக் கொழுப்பு அஞ்சே முக்காலு. அம்பு மேல பாத்திருக்குது," என்றாள். "எடை போட்டேன். ஒரே வாரத்துல முந்நூறு கிராம். உன்ற மவ குண்டுப் பூசணி ஆயிட்டா."

புட்டியின் சீட்டில் பசுவின் பெயர் இருக்காது. அன்றைய கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் மட்டும் அச்சிட்டிருக்கும். கொழுப்பு எண் பச்சையில். முந்தைய நாளைவிட ஏறியிருந்தால் பக்கத்தில் ஓர் அம்பு. ஐந்து வாரத்துக்கு முன் ஒரு நாள் அவன் தற்செயலாக அதைப் படித்தான். கொழுப்பு ஐந்து புள்ளி பூஜ்யம் எட்டு, புரதம் இரண்டு புள்ளி எட்டு ஒன்று. அன்று காலை அதே எண்களைக் கூடத்தின் பாலுணரித் திரையில் பார்த்திருந்தான், மயிலைக்கு நேரே. மூன்று நாள் ஒப்பிட்டான். பிறகு ஒப்பிடுவதை நிறுத்தினான். தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மயிலையைத் தொடும் வேலை அவனிடமிருந்து போகும்.

குழந்தைக்குப் பொருநை என்று பெயர். பிறந்த அன்றிலிருந்து அவளுக்கு வேறொரு பசு இருந்தது. ஆறாவது வாரத்தில் அதற்கு மடிவீக்கம் வந்தது. மயிலைக்கு மாற்றினார்கள். ஒன்பது நாள் முறைப்படி மாற்றியும் பொருநை தாங்கவில்லை. பதினோரு நாள் மருத்துவமனையில் ஊசிக்குழாய். நெற்றியில் நரம்பு தேடிக் குத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: ஆறு மாதம் முடியும்வரை இன்னொரு முறை மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூழ் கொடுக்க ஆரம்பித்தால் குடல் உறுதிப்பட்டுவிடும். அதற்கு முன்னால் மாற்ற நேர்ந்தால், என்னால் உறுதி சொல்ல முடியாது.

இன்னும் எட்டு வாரம் இருந்தது. மயிலைக்கு இரண்டரை இருக்கிற வரை பொருநைக்குப் பால் உண்டு.

மீரானின் கை ஊரறிந்த கை. மற்ற கூடங்களில் தகராறு வந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் இரண்டரை என்றால் இரண்டரையாகத்தான் இருக்கும். தன் விரல்தான் சோர்ந்துபோய் வெறும் எலும்பாக உணர்கிறது. மூன்று வாரமாகச் சிவமலை இப்படி நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துக்கொள்ள முடிந்தது.

"சாப்புடுண்ணா. தட்டு மூடி வெச்சிருக்கறன்."

"நீ?"

"ஆச்சு," என்றாள் தெய்வானை, குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

அவன் சாப்பிட்டான். சுவரில் மருத்துவமனை கொடுத்த பழைய தாள் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. அவன் மனைவி வஞ்சிக்கொடி வயிற்றில் பொருநையைச் சுமந்த மாதங்களின் வளர்ச்சிக்கோடு. அழகான கோடு. எங்கும் இறங்கவில்லை. அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்த வருடம் அது. ஒவ்வொரு மாதமும் ஸ்கேன் எடுத்த பெண், "கொழந்த அம்சமா வளருதுங்க," என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வஞ்சி தன் வளையலை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தள்ளிக் காட்டினாள். பாருங்க, தோள் வரைக்கும் போகுது என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அன்று காலை இருபது பசுக்களின் முதுகைத் தொட்டு எண் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

பிரசவத்தில் நிற்க வேண்டிய இரத்தம் நிற்கவில்லை; வஞ்சி போய்விட்டாள். "உடம்பில் எதுவும் மிச்சமில்லை," என்றார் மருத்துவர். "எல்லாம் குழந்தைக்குப் போயிருக்கிறது." ஆறுதலாகத்தான் சொன்னார்.

*

திங்கட்கிழமை மயிலை கறவை மேடையிலிருந்து இறங்கி நான்கு அடி நடந்து நின்றாள். கம்பியில் விலாவைச் சாய்த்துக்கொண்டாள். பின்னால் வந்த பசு முட்டியும் நகரவில்லை. தீவனத் தொட்டியில் அவள் பங்கு பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. திரையில் இருபத்து மூன்று லிட்டர்.

மீரான் பார்த்தான். சிவமலை பார்ப்பதையும் பார்த்தான்.

"தீவன அறைக்கு வா," என்றான்.

அங்கே அரவை இயந்திரச் சத்தத்தில் மைக் வேலை செய்யாது. மீரான் கதவைச் சாத்திவிட்டுப் பருத்திக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"மயிலைக்கு நீ எத்தன சொல்ற மாப்ள?"

"துண்டுல சொன்னதுதான்."

"துண்டுல சொன்னது எனக்குந் தெரியும். கை என்ன சொல்லுது, அதக் கேட்டேன்."

சிவமலை தன் உள்ளங்கையைப் பார்த்தான். "ரெண்டு," என்றான்.

"எனக்கும் ரெண்டுதான். அதுக்கு முந்தின ரெண்டு வாரம் ரெண்டே காலு."

"அப்புறம் ஏன் ரெண்டரைன்ன?"

"நீ ஏன் சொன்ன?"

சிவமலை அவனைப் பார்த்தான். மீரான் துண்டை எடுத்து முகம் துடைத்தான்.

"மத்த மாட்டுக்கு நாப்பது நொடி தடவுவ. மயிலைக்கு ஒண்ணரை நிமிசம். பட்டியல்ல நாலு மாசக் கொழந்த ஒண்ணே ஒண்ணு. இதுக்கு ஜோசியமா பாக்கோணும்? மொதல் வாரம் துண்டுக்குள்ள கைய வெச்சதும் விரலப் புடிக்கவே தயங்குன. நீ என்ன சொல்லப் போறேன்னு தெரிஞ்சு போச்சு. நான் மட்டும் சரியாச் சொன்னா சின்ன எண்ணுதான பதிவாகும். அதான் நானும் ரெண்டரைன்னுட்டேன்."

"உன் கையை நம்பி இருந்தேன்."

"நான் உன் கையைப் பாத்துட்டு இருந்தேன். போ."

சத்தம் போட்டு அரவை ஓடிக்கொண்டிருந்தது. மீரான் குரலை உயர்த்தினான். "இன்னும் எட்டு வாரந்தான மாப்ள. எட்டு வாரம் இப்படியே ஓட்டிருவோம். வெல்லப்பாகு கூட்டலாம், மதியத்துல ஒருக்கா தனியா வெக்கலாம்."

"தின்னாத்தான? கன்னு போடறப்ப மேனி நாலு இருந்தா. கொழுத்துக் கன்னு போட்ட மாடு தீவனத்தத் தொடாது, உனக்குத் தெரியாததா. முதுகத்தான் தின்னுட்டு இருக்கா."

"தாங்கிட்டா?"

"தாங்கலன்னா ஒரே நாள்ல நிக்கும். மாத்தறதுக்கு மூணு நாள் கூட இருக்காது. எம் புள்ளைக்கு மட்டுமில்ல, நாலு பேத்துக்கும்."

"இது போன வியாழக்கெழமையும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பச் சொல்லல. இப்ப என்ன வந்துச்சு?"

சிவமலை மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நூல் கையோடு வந்தது.

"காலைல கம்பில சாஞ்சு நின்னா," என்றான். "வஞ்சி இப்படித்தான் சமையல்கட்டுக் கதவு நெலையில சாஞ்சு நிப்பா. வெயிலுன்னு நெனச்சுக்குவேன்."

மீரான் வாயைத் திறந்தான். ஒன்றும் சொல்லாமல் மூடினான். நான்கு மாதத்தில் அவன் பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

*

வாரத்தின் நடுவில் எந்த மதிப்பாளரும் ஒரு பசுவை மறுமதிப்புக்கு அழைக்கலாம். செவ்வாய் காலை சிவமலை மயிலையை அழைத்தான். திரையில் அந்தப் பெயர் எழுந்ததும் செயலியில் ஆட்கள் கூடினார்கள்.

அவன் கை கழுவினான். நாற்பது நொடி தடவினான். அதற்கு மேல் ஒரு நொடியும் இல்லை. மயிலை தலையைத் திருப்பி அவன் சட்டைக்கையை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மீரானும் தடவினான். பச்சைத் துண்டு விழுந்தது.

துண்டுக்குள் மீரானின் இடக்கை விரித்தபடி காத்திருந்தது. அவனுடைய வலக்கை சிவமலையின் கையைப் பிடித்தும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இது விதிக்கு விரோதம். ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். நீ எதைச் சொன்னாலும் நான் அதையே சொல்கிறேன் என்று அந்தக் கை காத்திருந்தது.

அந்தக் கணத்தில் சிவமலைக்குத் தெரிந்ததெல்லாம் பொருநையின் நெற்றியில் இருந்த ஊசித் தழும்பு. கடுகளவு. குளிப்பாட்டும்போது விரல் படும்.

அவன் இரண்டு விரலைப் பிடித்தான். கட்டைவிரலை உள்ளங்கையில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டான்.

மீரானின் கை ஒரு நொடி கழித்து அவனுடைய இரண்டு விரலைப் பிடித்தது. தட்டவில்லை.

"ரெண்டு," என்றான் சிவமலை. வழக்கமாக மீரான்தான் சொல்வான்.

திரை சிவந்தது. மயிலையின் கழுத்துப் பட்டையில் சின்ன விளக்கு ஒன்று சிவப்பாக எரியத் தொடங்கியது. தடத்தின் கதவு வேறு பக்கம் திறந்து, அவளை வைக்கோல் மட்டும் போட்ட ஓய்வுத் தொழுவத்துக்கு அனுப்பியது. அவள் மெதுவாகப் போனாள்.

கூடத்தின் பொறுப்பாளர் தில்லைநாயகி உடனே திரையில் வந்தார். "என்னங்க இது? வியாழக்கிழமை ரெண்டரை. அஞ்சு நாள்ல எப்படிங்க அரை விழும்?"

"அஞ்சு நாள்ல விழலீங்க," என்றான் சிவமலை. "மூணு வாரமா விழுந்துட்டிருந்துச்சு. நான் கூட்டிச் சொன்னேன். அதுல ஒரு கொழந்த என்னோடது. தெரிஞ்சேதான் தொட்டேன்."

தில்லைநாயகி மீரான் பக்கம் பார்த்தார்.

"நானுந்தானுங்க மேடம்," என்றான் மீரான். "எம் புள்ளை இல்ல. ஆனாலும் நானுந்தான்."

"ரெண்டு கைய வெச்சா தப்பு நடக்காதுன்னுதானே சட்டம் போட்டாங்க," என்றார் அவர். கோபத்தைவிடக் களைப்புதான் அதில் அதிகம். "நாளைல இருந்து ரெண்டு பேரும் தடத்துக்கு வர வேண்டாம். மிச்சத்தக் கடிதத்துல சொல்றேன்." திரை அணையப் போய் நின்றது. "உங்க குழந்தைக்கு என்ன வயசு?"

"நாலு மாசங்க."

"இருவத்தி ரெண்டாம் நம்பர் பசுவ ஒதுக்கச் சொல்றேன். அதுக்கு மூணே காலு." சற்று நிறுத்தினார். "அந்த எண்ணும் நீங்க போட்டதுதான். சரியா இருக்கும்ல?"

"சரியா இருக்குங்க."

*

மூன்று நாள். ஒன்பது நாளில் செய்ய வேண்டிய மாற்றத்தை அதற்குள் முடிக்க வேண்டும். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு புதுப்பால். இரண்டாம் நாள் இரண்டு பங்கு. மூன்றாம் நாள் முழுதும்.

தெய்வானையிடம் சொன்னபோது அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"நீயாவே சொன்னியா?"

"ஆமா."

"யாருமே கேக்காம?"

"ஆமா அம்மிணி."

"உனக்குப் பசுதான் பெருசாப் போச்சு," என்றாள். அதன் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. பொருநையை இறக்கி வைக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் மாலை பொருநை குடித்ததையெல்லாம் வெளியே தள்ளினாள். வயிற்றில் செந்தடிப்பு. மூன்றாம் நாள் புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். எடை இருநூற்று நாற்பது கிராம் இறங்கியிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் திரையில் குழந்தையின் கண்ணையும் நாக்கையும் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஈரம் இருக்கிறது, அரை மணிக்கொரு முறை பத்து மில்லி கொடுத்துக்கொண்டே இருங்கள், இறங்கவே இல்லையென்றால் கொண்டு வாருங்கள் என்றாள். மீரான் ஒரு முறை வந்து வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனான். மயிலைக்குப் பால் வற்றத் தொடங்கிவிட்டது, நேற்று தொட்டியைக் காலி செய்துவிட்டாள் என்று சொன்னான். சிவமலை தலையசைத்தான். அதில் மகிழ்ச்சி வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. அவன் காதெல்லாம் உள்ளறையில் இருந்தது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பொருநை நாற்பது மில்லி குடித்தாள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம். இருபது. முப்பது. வெளியே வரவில்லை. ஒரு ஏப்பம் விட்டுவிட்டுப் பழைய கோபத்தோடு அழ ஆரம்பித்தாள்.

"பசிக்குதுண்ணா அவளுக்கு," என்றாள் தெய்வானை. மூன்று நாளில் முதல்முறையாக அவனிடம் சொன்ன முழு வாக்கியம். "இன்னொரு நாப்பது கலக்கட்டுமா?"

"அரை மணிதான் ஆச்சு. பொறு."

அவள் எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே இரண்டு நொடி கண்ணை மூடி நின்றுவிட்டுக் குழந்தையைத் தோள் மாற்றினாள்.

சிவமலை அவளைப் பார்த்தான். கழுத்தெலும்புக்கு மேலே இருந்த குழியைப் பார்த்தான். ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியது. நான்கு மாதத்துக்கு முன் கோவையிலிருந்து வந்து இறங்கிய தெய்வானையை நினைத்துப் பார்க்க முயன்றான். அவனுக்கு முகம் நினைவிருந்தது, உடம்பு நினைவில்லை. அவன் பார்த்திருக்கவில்லை. சமையலறைக்குப் போனான். அவனுக்கு மூடி வைத்த தட்டு ஒன்று இருந்தது. இரண்டாவது தட்டு கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்திருந்தது. சோற்றுப் பானையின் அடியில் ஒட்டியது மட்டும் இருந்தது; ஓர் ஆளுக்குத்தான் வடித்திருந்தாள்.

"என்னிக்குச் சாப்புட்ட?" என்றான் வாசற்படியில் நின்று.

"ஆச்சுண்ணா."

"என்னிக்குன்னு கேட்டேன்."

அவள் யோசித்தாள். உண்மையாகவே நினைவுக்கு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இவ குடிக்காம எப்படிண்ணா எறங்கும்," என்றாள்.

அவன் வந்து குழந்தையை அவள் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான். தெய்வானை விடவில்லை, விரல்கள் குழந்தையின் சட்டையைப் பிடித்திருந்தன. அவன் ஒவ்வொரு விரலாக விடுவித்தான்.

"உக்காரு."

"அழுவறா பாரு."

"அழுவட்டும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவன் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் தட்டை அவள் முன்னால் வைத்தான். ரசத்தை ஊற்றினான். கொஞ்சம் சிந்தியது. தெய்வானை குழந்தையைப் பார்த்தபடியே ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இரண்டாவது வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்காமல் மூன்றாவது வாய் எடுத்தாள். அதன் பிறகு வேகமாகச் சாப்பிட்டாள், யாரும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

பொருநை அவன் காதருகே அலறிக்கொண்டிருந்தாள். தொண்டையில் நல்ல வலு இருந்தது. அவன் தட்டிக் கொடுக்கவும் இல்லை, புட்டியைத் தேடவும் இல்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்ணா," என்றாள் தெய்வானை, தட்டின் ஓரத்தை வழித்தபடி. "உனக்கு?"

"அடுப்புல அரிசி வெக்கறேன். இரு."

அவன் பானையில் மிச்சமிருந்த சோற்றையும் சுரண்டிக் கொண்டுவந்து அவள் தட்டில் போட்டான்.